கெட்டி மண்

பொதுப்பணி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் எஸ்டிமேட் போடுகிறவருக்குத் தசமம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எந்தத் தொகையையும் முழுத்தொகையாக உருட்டி எழுதுவது அவருக்குப் பிடிக்காது. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருந்தால்தான் அவருக்கு மனம் ஆறும். "டீக்கடையில சில்லறை இல்லேன்னு வைங்க, தசமம் சார் அந்தக் காசு அளவுக்கு டீயை மிச்சம் வச்சிட்டு எழுந்திடுவார்" என்பாள் வரைபடம் போடும் அம்மாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு சாலையோ சாக்கடையோ பள்ளிக்கூடச் சுவரோ மண்ணில் எழும்புவதற்கு முன்னால் அவருடைய தாளில் எழும்பியாக வேண்டும். எவ்வளவு மண் தோண்டுவது, எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை ஆள் என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதி, அரசாங்க விலைப்பட்டியலில் உள்ள ரேட்டால் பெருக்கி, கூட்டிக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தொகைக்குத்தான் டெண்டர் விடுவார்கள். தாளில் இருப்பதுதான் தரையில் வரும். தாளில் இல்லாதது வராது. இதை அவர் நன்றாக அறிந்தவர்.

அந்த வருடம் அவரிடம் வந்தது ஒரு முட்டுச் சந்துக்கான கழிவுநீர்க் குழாய் வேலை. தெருமுனையில் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. ஆனால் தெரு உள்ளே போகப் போகத் தாழ்ந்து, கடைசியில் சட்டி மாதிரி குழிந்து கிடக்கிறது. மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் எல்லாம் அந்தச் சட்டியில் வந்து நிற்கும். வெறும் மழைத்தண்ணீர் என்றால்கூடப் பரவாயில்லை. கழிப்பறைக் குழிகளும் நிரம்பிப் பொங்கி அதோடு கலந்து வாசற்படி ஏறும்.

சட்டியின் அடியில், கடைசி வீட்டில், அவருடைய அக்கா இருந்தாள். அக்காவின் கணவர் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவருடைய கட்டில் கால்களுக்கு அடியில் அக்கா செங்கல் அடுக்கியிருந்தாள். போன மழையில் அந்தச் செங்கலையும் தாண்டித் தண்ணீர் ஏறி மெத்தையின் அடியைத் தொட்டது. அவரைத் தூக்க ஆளில்லாமல், விடியும்வரை தன் கையில் ஒரு வாளியோடு அக்கா தண்ணீரில் நின்றிருக்கிறாள். மொண்டு எங்கே ஊற்றுவது? வெளியே அதைவிட அதிகம்.

வேலை தன் கைக்கு வந்ததும் தசமம் பெரிய பொறியாளரிடம் போய், "சார், அது எங்க அக்கா குடியிருக்கிற தெரு. வேற யாராவது எஸ்டிமேட் போட்டா நல்லது" என்றார்.

"வேற யாரு இருக்கா? உங்க அக்கா இருந்தா தெருவுக்குச் சாக்கடை வேணாமா? போய்யா, போய் வேலையைப் பாரு" என்றார் அவர்.

முறைப்படி சோதனைக் குழி தோண்டினார்கள். தோண்ட வந்தவர் ஒல்லியான மனிதர், வாய் ஓயாத மனிதர். மண்வெட்டியோடும் பேசுவார், மண்ணோடும் பேசுவார். இடுப்பளவு ஆழம் போனதும் பக்கச்சுவர் சத்தமே இல்லாமல் வழுக்கி அவருடைய தொடை வரை மூடிவிட்டது. மணல். சர்க்கரை மாதிரி உதிரும் ஈர மணல். அவர் கொஞ்சம் பயந்துவிட்டுப் பிறகு சிரித்தார். "என் பொண்டாட்டிகூட என்னை இப்படிக் கட்டிப் பிடிச்சதில்ல சார்!" தசமமும் மேஸ்திரியும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள். ஆள் வந்தார், ஒரு செருப்பு வரவில்லை. தசமம் தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொடுத்தார். குடித்துவிட்டு அவர், "பைப் வேலை வந்தா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க சார். பள்ளம் வெட்டுறதுல நம்மளை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்றார்.

சொல்லிவிடுகிறேன் என்றார் தசமம். குழாய் போகும் பள்ளம் தெருமுனையில் அந்த மனிதரின் தலைக்கு மேல் இன்னொரு ஆள் நிற்கும் ஆழம். அங்கே சுவர் வழுக்கினால் தொடையோடு நிற்காது. அதனால் இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, குறுக்கே கட்டை முட்டுக் கொடுத்துத்தான் வெட்ட வேண்டும். இளகிய மண் என்று எழுதி, தெரு நீளம் முழுவதற்கும் பலகை அடைப்பைச் சேர்த்து எஸ்டிமேட்டை முடித்தார். கூட்டிப் பார்த்தபோது தொகை வரம்பைத் தாண்டியிருந்தது.

அந்த அலுவலகம் தானே அனுமதி கொடுக்கக்கூடிய தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே போன ஃபைல் மழை பார்த்து, வெயில் பார்த்து, மறுபடியும் மழை பார்த்துத்தான் திரும்பும்.

தசமம் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். குழாயை ஒரு அளவு சின்னதாக்கினால் தெரு முழுக்க அடைத்துக்கொள்ளும். இரும்பு மூடிகளை லேசாகப் போட்டால் ஒரு வண்டி ஏறினாலே உடையும், பிறகு குழந்தைகள் விழும். எதைத் தொட்டாலும் அதற்குப் பின்னால் ஒரு மனிதர் நின்றார். ஃபைலை எடுத்துக்கொண்டு பொறியாளர் அறைக்குப் போனார்.

பொறியாளர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "எவ்வளவு தாண்டுது?"

சொன்னார், புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தோடு.

"பலகை எவ்வளவு வருது?"

"கிட்டத்தட்ட அதே அளவுதான் சார். கொஞ்சம் கூட."

"அப்புறம் என்ன? பலகையை எடு."

"இளகிய மண்ணு சார். பலகை இல்லாம எப்படி?"

பொறியாளர் கெட்டவர் அல்ல. ஊழியர் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஆகவில்லை என்றால் தானே வண்டியில் கொண்டு போய் விடுகிறவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "இங்க பாரு. வேலை முடிஞ்ச பிறகு என்ன நிக்கும்? பைப் நிக்கும், மூடி நிக்கும். ஆடிட்டுக்கு வர்றவன் அதைத்தான் எண்ணுவான். பலகையைக் கடைசியில பிடுங்கிட்டுத்தானே மண்ணைத் தள்ளப் போறோம்? நிக்காத ஐட்டத்துக்காக நிக்கிற வேலையை விடுவியா? நாம எப்பவும் இப்படித்தானே பண்றோம்? டெண்டர்ல ஒரு வரி இருக்கு, தொழிலாளர் பாதுகாப்புக்குக் காண்ட்ராக்டர் பொறுப்புன்னு. அது போதும்."

அந்த வரி தசமத்துக்கு மனப்பாடம். எல்லா டெண்டரிலும் அச்சடித்திருக்கும். விலை போடாத அந்த வரிக்காக எந்தக் காண்ட்ராக்டரும் ஒரு பலகை வாங்கி அவர் பார்த்ததில்லை.

"உங்க அக்கா வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார் பொறியாளர். மனதாரத்தான் கேட்டார்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்த தசமத்துக்கு வழி தானாகவே தெரிந்தது. பலகையை மட்டும் எடுத்தால் யாராவது ஏன் என்று கேட்கலாம். மண்ணை மாற்றிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். கெட்டி மண் என்று எழுதினால் அந்த ஆழத்துக்கு விலைப்பட்டியலே பலகை கொடுக்காது. தோண்டுகிற ரேட் சற்று ஏறும், பலகை முழுதாகப் போய்விடும். தொகை வரம்புக்குள் அடங்கும். அவர் எழுதினார். பெருக்கினார். கூட்டினார். அடங்கியது.

நல்லவர்கள் தவறு செய்யும்போது பெரும்பாலும் யாருக்கோ நல்லது செய்வதற்காகவே செய்கிறார்கள். அதனால்தான் அது அவர்கள் கண்ணுக்குத் தவறாகவே படுவதில்லை. தசமத்தின் கண்ணில் அப்போது செங்கல் மேல் நின்ற ஒரு கட்டில்தான் இருந்தது.

வரைபட அம்மாள் மட்டும் தாளோடு வந்து நின்றாள். "சார், மண் வெட்டுப் படத்துல மணலுக்குப் புள்ளி வச்சிருந்தேன். இப்ப அழிச்சிட்டுக் கோடு போடச் சொல்றீங்க. ராத்திரியோட ராத்திரியா மண்ணு மனசு மாறிடுச்சா?"

"போடுங்கம்மா" என்றார் அவர். அவர் சிரிக்காததைப் பார்த்து அவளும் மேலே கேட்கவில்லை.

மாலையில் நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த மழைக்கு முன்னாடி பைப் வந்துடும். கடைசி வரைக்கும். உன் வாசல் வரைக்கும்."

அக்காவின் கையிலிருந்த துணி மடியில் விழுந்தது. "நிஜமாவா டா?"

"நாளைக்குப் பெரியவர் கையெழுத்து. அப்புறம் டெண்டர்."

அவள் உள்ளே திரும்பி, "கேட்டீங்களா? தம்பி சாக்கடை கொண்டு வந்துட்டான்!" என்று கத்தினாள். பிறகு தானே சிரித்தாள். "எல்லா வீட்லயும் தம்பிமாருங்க புடவை கொண்டு வருவாங்க. எனக்குப் பாரு, சாக்கடை!" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். உள்ளேயிருந்து அத்தானின் குழறிய குரல், "மாப்ள... உள்ள வா" என்றது.

டீ கொடுத்தாள். ஓர் இடத்தில் நிற்க முடியாமல் பேசிக்கொண்டே இருந்தாள். "வேலை செய்யறவங்களுக்கு நம்ம வீட்லயே தண்ணி கொடுத்துடலாம். பாவம், வெயில்ல பள்ளத்துக்குள்ள நிக்கணும். ரொம்ப ஆழமா இருக்குமா?"

"தெருமுனையில ஆழம். இங்க வர வரக் குறையும்."

"ஐயோ, மண்ணு சரிஞ்சா?"

"சரியாது. கெட்டி மண்ணு."

அக்கா உரக்கச் சிரித்தாள். "நம்ம தெருவுலயா? துணி காயப்போட ஒரு கம்பு நட்டா நிக்க மாட்டேங்குது. மூணு தடவை நட்டேன், மூணு தடவையும் என் மேலயே சாஞ்சுது. எந்த மடையன் கெட்டி மண்ணுன்னு சொன்னான்?"

தசமம் டீயைக் கீழே வைத்தார். அக்காவிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"நான்தான் எழுதினேன்."

சிரிப்பு நின்றது. ஏன் என்று அவள் கேட்டாள். வரம்பு, பலகை, தலைமை அலுவலகம் எல்லாவற்றையும் அவர் சொன்னார். பலகை போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. வெகுநேரம் அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"எல்லாப் பள்ளமும் சரியுமா என்ன?" என்றாள் கடைசியில்.

"எல்லாம் சரியாது."

"அப்ப விடு. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். கடவுள் பாத்துப்பார்." அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "இன்னொரு மழை இந்த மனுஷன் தாங்க மாட்டார் டா. நானும் தாங்க மாட்டேன்."

அவளைக் குறை சொல்ல முடியுமா? அந்தத் தண்ணீரில் நிற்காதவர் யாரும் சொல்ல முடியாது. தசமம் வீட்டுக்கு நடந்தார். இறைவனிடம் அதிகம் கேட்கிறவர் அல்ல அவர். காலையில் எழுந்ததும் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார், அவ்வளவுதான். மறுநாள் காலையும் நின்றார். பிரார்த்தனை வரவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அக்கா சொன்னது மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. பார்த்துக்கொள்வதற்குத்தானே தன்னைச் சோதனைக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தினார் என்று தோன்றியது. ஒரு மனிதரின் கையைப் பிடித்து வெளியே இழுத்த அதே கை, அதே மனிதரை இன்னும் ஆழமாக இறக்கிவிட எழுதியிருக்கிறது. போதாததற்கு, உங்களைக் கூப்பிடச் சொல்கிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

அலுவலகம் திறந்ததும் பொறியாளர் அறைக்குப் போனார். ஃபைல் மேசை மேல் இருந்தது. பொறியாளர் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. மண்ணுல தப்பு பண்ணிட்டேன்."

"நீயா? தப்பா?" என்று சிரித்தார் அவர். "ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்கய்யா."

"கெட்டி மண்ணு இல்ல சார். மணல்."

பொறியாளரின் சிரிப்பு மெல்லப் போயிற்று. "எனக்குத் தெரியாதா? நானும் அந்தத் தெருவுல நடந்திருக்கேன். உனக்காகத்தான், உங்க அக்காவுக்காகத்தான், பார்த்தும் பார்க்காம இருந்தேன்."

"தெரியும் சார்."

"சரி, மேல அனுப்பட்டுமா? இந்த மழை முழுத் தெருவும் முங்கும். பரவாயில்லையா?"

"வேண்டாம் சார். நீளத்தைக் குறைக்கிறேன். பலகை போட்டு, எவ்வளவு தூரம் வரம்புக்குள்ள வருதோ அவ்வளவு தூரம் போடலாம். மிச்சத்தை அடுத்த வருஷம் கேட்கலாம்."

"எந்தப் பக்கம் குறைப்பே?"

"குறைக்கிறதுக்கு ஒரு பக்கம்தானே சார் இருக்கு? வாய்க்கால்ல சேர்ற இடத்துல இருந்துதான் பைப் ஆரம்பிச்சாகணும். கடைசியிலதான் நிறுத்தணும்."

"எத்தனை வீடு விட்டுப் போகும்?"

"நாலு."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கடைசி வீடு யாருடையது என்று இரண்டு பேருக்குமே தெரியும். மேலே மின்விசிறி ஒரு பக்கமாக ஆடிச் சுற்றியது.

"நீ ஒரு லூசுய்யா" என்றார். குரலில் கோபம் இல்லை. முதலில் எழுதியது தன் பிழை என்று தசமம் எழுதிக் கொடுக்க வேண்டும், அது அவருடைய பணிப்பதிவில் ஏறும், அதுதான் முறை. தசமம் எழுதிக் கொடுத்தார். பொறியாளர் அதற்கு அடியில் தன் கையாலேயே, மீதமுள்ள நான்கு வீடுகளுக்கான நீளத்தை வரும் ஆண்டில் முதல் வேலையாக எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். யாரும் கேட்காமல் அவர் எழுதிய வரி அது. அடுத்த வருடத்தில் அதற்கு என்ன மதிப்பு என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் எழுதினார்.

வரைபட அம்மாள் மறுபடியும் புள்ளி வைத்தாள். ஒரு டீ வாங்கி வரச் சொல்லி அவருடைய மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான்கு வீடுகளிலும் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று தசமம் தீர்மானித்திருந்தார். மூன்று வீடுகளுக்கு முதலில் போனார். ஒரு வீட்டில் சரி என்றார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டுப் பெண், "உங்க அக்கா வீடும் விட்டுப் போச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

அக்கா அத்தானுக்கு முகச் சவரம் செய்துகொண்டிருந்தாள். பாதி முகத்தில் நுரை. தசமம் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தார். கத்தி கன்னத்தின் மேல் அப்படியே நின்றது.

"அசையாதீங்க" என்றாள் அக்கா கணவரிடம். அவர் அசையவே இல்லை. கத்தியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"நான் சொன்னேனே, விடுன்னு."

"முடியலக்கா."

"உனக்கு என்ன? உன் வீடு மேட்டுல இருக்கு. நீ நல்லவனா இருக்கலாம். அதுக்கு உனக்கு ஒரு செலவும் இல்ல, எல்லாம் எங்க செலவு. கணக்குப் போட்ட, கணக்குப் போட்டு எங்களைக் கழிச்சிட்ட."

அவள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை.

அத்தான் வாயை அசைத்தார். நுரை உதட்டில் வழிந்தது. "உள்ள... எத்தனை பேரு... இறங்குவாங்க?"

"ஒரு நேரத்துல அஞ்சாறு பேர் அத்தான்."

அத்தான் நல்ல பக்கத்துக் கையைத் தூக்கி மெல்ல ஆட்டினார். அது சரி என்பதற்கா, போ என்பதற்கா, தசமத்துக்கு விளங்கவில்லை.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. "நீ கிளம்பு. இனி இந்தப் பக்கம் வராத. உன் வேலைக்காக வந்தா தெருவோட போ."

வேலை தொடங்கியது. காண்ட்ராக்டர் லாரி நிறையப் பலகை இறக்கினார். மறைக்கத் தெரியாத மனிதர். "ரேட் போட்டிருக்கீங்க, போடுறேன் சார். ரேட் போடலன்னா பலகை சத்தியமா போட்டிருக்க மாட்டேன். நானும் பிள்ளைக்குட்டிக்காரன்" என்றார். தசமம் தினமும் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் சொல்லிவிட்டபடி அந்த ஒல்லி மனிதர் வேலைக்கு வந்திருந்தார். பள்ளத்தின் அடியில் தலை மட்டும் தெரிந்தது.

"சார், இந்தப் பலகையெல்லாம் நாள் பூரா முனகுது. பிரசவ வார்டு மாதிரி இருக்கு!" என்று கீழேயிருந்து கத்தினார்.

தசமம் குனிந்து காது கொடுத்தார். உண்மைதான். பின்னாலிருந்து மணல் அழுத்த அழுத்தக் கட்டைகள் கிறீச்சிட்டன. பலகை இடுக்குகளில் ஈரமணல் பிதுங்கி நின்றது.

பள்ளத்தின் ஓரத்தில் நிழல் பார்த்து ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தது. மேலே கவிழ்த்த டம்ளர். அது யாருடைய குடம் என்று அவருக்குத் தெரியும்.

"கடைசி வீட்டு அக்கா தினம் கொண்டாந்து வைக்குது சார்" என்றார் கீழே இருந்தவர். "அவங்க வீட்டுக்குத்தான் பைப் வரலையாமே? ஏன் சார் அப்படி?"

"பணம் போதல" என்றார் தசமம். குடத்தைத் தொடாமல் திரும்பினார். வெயில் கடுமையாக இருந்தது, தாகமும் இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் தனக்கு வைத்ததல்ல என்று நினைத்தார்.

கடைசி மூடி அந்தத் தெருவில் இருந்த ஒரு தையற்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்தது. அதற்கப்பால் நான்கு வீடு. பள்ளம் மூடினார்கள், பலகைகளை லாரியில் ஏற்றினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் வேலை முடிந்தது. பலகை இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாமலே முடிந்திருக்குமோ என்னவோ. அதை அறிய வழியில்லை. சில நன்மைகளின் விதி அப்படி. நடக்காமல் போனதை யாரும் வந்து நமக்குக் காட்டமாட்டார்கள்.

மழை ஒரு மத்தியானத்தில் பிடித்துக்கொண்டது. தசமம் அலுவலகத்தில் சொல்லிவிட்டு ஓடினார். தெருமுனையில் வாய்க்காலுக்குள் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் உறுமிக்கொண்டு கொட்டியது. தெருவில் நடந்தார். முதல் வீடுகளில் தண்ணீர் தேங்காமல் வாசல் கோலிக்குண்டு உருட்டலாம் போல இருந்தது. தையற்காரர் வீடு வரை கால் நனைந்ததே தவிர முழுகவில்லை. அதற்கப்பால் தரை தாழ, கணுக்கால், பிறகு ஆடுசதை, அக்கா வீட்டு வாசலில் முழங்கால். முன்பெல்லாம் இடுப்பு வரை வரும். இப்போது முழங்கால். முழங்கால் தண்ணீரும் நாற்றம் அடிக்கும் தண்ணீர்தான்.

அக்கா அவரைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் இன்னொரு வரிசைச் செங்கல் வைக்க முயன்றுகொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கினால் மறுகால் சாய்ந்தது. அத்தான் இரும்புச் சட்டத்தை நல்ல கையால் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். தசமம் மறுபக்கம் போய்த் தூக்கினார். தூக்கிய வேகத்தில் செங்கல் நழுவித் தண்ணீருக்குள் போயிற்று.

அப்போது வாசலில் யாரோ கனைத்தார்கள். தையற்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, வேட்டியை மடித்துத் தொடைக்கு மேல் கட்டியிருந்தார். பின்னால் அவர் மனைவி.

"அக்கா, எதுக்கு இந்தச் சர்க்கஸ்? அண்ணனைக் கட்டிலோட எங்க வீட்டுக்குக் கொண்டு வந்துடலாம். மெஷினை ஓரமாத் தள்ளிட்டேன்."

"வேணாம்பா. நாங்க சமாளிச்சுக்குவோம்" என்றாள் அக்கா.

"நீங்க சமாளிப்பீங்க. எங்களால முடியாதே" என்றாள் தையற்காரர் மனைவி. "வீடு காஞ்சு கிடக்கு. இங்க இவர் நனைஞ்சுக்கிட்டு இருக்கார்னு தெரிஞ்சா எங்களுக்குச் சோறு இறங்குமா? வர்ற மழையெல்லாம் இங்கதான் பெய்யப் போகுது, இன்னைக்கு ஒருநாளா?"

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். அவளுடைய மானம் பெரியது. அன்றைக்கு அதைவிடத் தண்ணீர் பெரியதாக இருந்தது. ஒரு பையில் மருந்து, துணி எல்லாவற்றையும் அள்ளித் தோளில் மாட்டினாள். தையற்காரரின் மனைவி ஒரு குடையை விரித்து அத்தானின் முகத்துக்கு மேல் பிடித்தாள்.

நான்கு மூலைக்கு நான்கு பேர் வேண்டும். குடை பிடிப்பவளைத் தவிர்த்தால் மூன்று பேர்தான். எப்படித் தூக்குவது என்று தையற்காரர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அன்றைக்கு அக்கா வீட்டைப் பற்றிக் கேட்ட மூன்றாவது வீட்டுப் பெண், தன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, புடவையைச் செருகிக்கொண்டு வந்து ஒரு மூலையைப் பிடித்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

தசமம் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். அக்கா அவரை நேராகப் பார்த்தாள். மன்னித்துவிட்ட பார்வை அல்ல அது. மன்னிப்பதற்கெல்லாம் அவளுக்கு இன்னும் நாளாகும். ஒருவேளை ஆகாமலும் போகலாம்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? கால்பக்கம் பிடி" என்றாள்.

பிடித்தார். கட்டில் எழும்பியது. தண்ணீருக்குள் தட்டுத் தடுமாறி அவர்கள் மெல்லத் தெருவில் ஏறினார்கள்.